கூலியும் கொடையும்



வைகை பிறக்கும் நாட்டில் வாழ்வார்க்கு ஆவணி மூலம் தனிச்சிறப்புடைய நன்னாள். வருசநாட்டு மலையினின்று இழியும் வைகையும், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்னும் ஊர்களை ஊட்டி வரும் முல்லையாறும் தேனிக்கு அணித்தே கூடிக் கிழக்கு நோக்கிச் செல்கின்றன. 1895ஆம் ஆண்டு பெரியாற்றணை கட்டி முடிந்தபின் மேற்கே வீழ்ந்த நீரும் மலையைக் குடைந்த வழியே இவற்றொடு கலந்தது. அந்நீர் கலவாத பழைய வைகை மதுரையிற் கரையுடைத்த ஞான்று, எம்பெருமான் கூடையும் மண்வெட்டியுங் கொண்டு கூலியாளாய் எழுந்தருளினான். ஆதலின் அந்நாளில் மண் சுமந்த திருவிளையாடலைச் சொல்லுவித்துக் கேட்டல் இப்பள்ளத்தாக்கில் ஊர்தோறும் உள்ள வழக்கம். யானும் நாற்பதாண்டாக அங்ஙனம் சொல்லி வருபவனே.

சென்ற ஆண்டு ஆவணி மூலத்தன்று ஊரொன்றின் திருக்கோயிலிற் கதை முடித்து இறங்கினேன். கேட்டோர் பிட்டு வாங்கிச் சென்றுவிட்டனர். இலைத்தொன்னைகள் முற்றமெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றை வாரிக்கொண்டிருந்த நகராட்சித் தூய்மைப் பணியாளர் இருவருள் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கலாம், துடைப்பத்தைச் சுவரிற் சார்த்திவிட்டு என்னருகே வந்து, “ஐயா, அந்தக் கூலியாளுக்குப் பிட்டை வேலைக்கு முன்னே கொடுத்தாளா, பின்னே கொடுத்தாளா?” என்று வினவினாள். “முன்னரே கொடுத்தாள் அம்மா” என்றேன். “அப்படியானால் அந்தக் கிழவி நல்லவள். எங்களுக்குப் போன மாதக் கூலியே இன்னும் வரவில்லை” என்று சொல்லித் தன் வேலைக்குத் திரும்பினாள்.

அம்மொழி என்னைச் சுட்டது. யான் அன்று மாலை ஒன்றரை நாழிகை பிட்டிற்கே பொருள் விரித்தேன். பிட்டு உயிரின் அன்பென்றும், அஃது உதிர்தல் மலக்கட்டு நெகிழ்தலென்றும், கூடை உடம்பென்றும், மண் இருவினையென்றும் அடுக்கினேன். அது கூலி என்பதை மட்டும் கூறிற்றிலேன். நாற்பதாண்டிலும் ஒருநாளேனும் கூறிற்றிலேன். கூலிக்கு உழைப்பாள் ஒருத்தி அதனை முதற் கேள்வியிலேயே கண்டுகொண்டாள்.

அவளை மீண்டும் அழைத்து விவரங் கேட்டேன். விடியுமுன் நான்கு மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். ஐந்தரை மணிக்குப் பெயர் பதிவு. நண்பகல்வரை தெருப்பெருக்கலும் குப்பை பிரித்தலும். பிற்பகலில் சந்தைப்பக்கம் மறுமுறை. திருவிழா வந்தால் இரவும் உண்டு. மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் உள்ளாட்சித் தொழிலாளர்க்கு நாட்கூலி இவ்வளவென வரையறுக்கின்றார். அத்தொகை ஒப்பந்தக்காரர் வழியே இவள் கைக்கு வருங்கால் தேய்ந்தே வருகின்றது. வருங்கால வைப்புநிதி என்று பிடிக்கின்றனர். பிடித்ததற்குச் சீட்டு இல்லை. கையுறை கிழிந்தால் தன் காசில் வாங்க வேண்டும். வாரவிடுப்பு எடுத்தால் அந்நாட் கூலி இல்லை. அவள் பணி செய்யும் ஊரை யான் ஈண்டுக் குறிக்கவில்லை. தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் என இம்மாவட்டத்தில் நகராட்சிகள் ஆறு. ஓரூரின் பெயரைச் சொல்லி ஏனைய ஊரார் தம்மைத் தூயராக எண்ணிக்கொள்ள இடந்தருதல் வேண்டா; வரையறுத்த கூலி முழுதும் கைக்கு வருவதில்லை என்பது தமிழ்நாடெங்கும் இத்தொழிலாளர் எழுப்பும் முறையீடே.

வந்தியின் கதையை இக்கண் கொண்டு மறுபடி நோக்குவாம். பாண்டியன் ஊரார்க்குக் கரையைப் பங்கிட்டு விட்டான். வந்திக்கும் ஒரு பங்கு வந்தது. அவள் முதியவள், துணையில்லாதவள், பிட்டு விற்றுப் பிழைப்பவள். அவள் ஆளைத் தேடுகின்றாள், ஆள் வருகின்றான், வேலைக்கு முன்னரே கூலி பேசப்படுகின்றது. நாட்டில் மூதாட்டியர் சொல்லும் வழக்கில், உதிர்ந்த பிட்டெல்லாம் கூலியாளுக்கு என்பது பேச்சு. அன்றைக்கு அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போயிற்று. அவள் பிழைப்பு முழுதும் அன்று போயிற்று என்பது பொருள். ‘உதிர்ந்தது என்றால் சிறிது உதிர்ந்தது என்றன்றோ நினைத்தேன்’ என்று அவள் வாதாடியிருக்கலாம். வாதாடினாளல்லள், பேசியபடி முழுதும் கொடுத்தாள். இந்நாளை ஒப்பந்தப் பத்திரங்களிற் காணும் நுண்ணிய எழுத்துக்கள் அவளறியாதன.

ஈண்டு ஒருவர் நகைத்து, ‘அக்கூலியாள் பிட்டைத் தின்றுவிட்டு உறங்கினானே, வேலை செய்திலனே’ எனலாம். மெய்தான். மேற்பார்வையாளர்க்கு அப்பகுதி மிகவும் பிடிக்கும். ஆயின் கதை அவ்விடத்து நிற்கவில்லை. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி அவன் முதுகிலும், தேவியர் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், கருவிலுறை உயிர்களின் முதுகிலும் பட்டது. உறங்கிய கூலியாளைத் திருத்திய கதையன்று இது. அடித்த கையைத் திருத்திய கதை.

அவ்வடி எல்லார்மேலும் பட்டது ஏன் என்பார்க்கு, உயிரெல்லாம் ஒன்றே ஆதலின் எனக் கூறுதல் ஏகான்மவாதமாம். அது நம்மனோர் கொள்கையன்று. உயிர்கள் பல, இறைவன் அவற்றின் வேறானவன், வேறாயினும் அவற்றொடு பிரிப்பின்றி உயிர்க்குயிராய் நிற்பவன். ஆதலின் ஓருயிர்க்கு இழைக்கும் துன்பம் அவன் நிற்குமிடத்தே இழைக்கப்படுகின்றது. கூலி குறைக்கப்பட்டவள் இறைவனல்லள். அவளுள் நின்று அவள் பசியை அறிபவன் இறைவன்.

இனி, நம் மடங்களிலும் சபைகளிலும் இதுபற்றிப் பேசப் புகுந்தால் எழும் தடைகளை யான் நன்கறிவேன். யானே அவற்றைப் பன்முறை எழுப்பியிருக்கின்றேன்.

திருவலகிடுதல் சரியைத் தொண்டன்றோ, திலகவதியார் திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டார், அப்பரடிகள் உழவாரத்தாற் புற்செதுக்கினார், அத்தகைய உயர்ந்த பணியைக் கூலிப் பேச்சால் தாழ்த்தலாமோ என்பது முதல் தடை. கேட்க இனியது, உள்ளே நஞ்சுடையது. திலகவதியார் அன்பினால் அலகிட்டார், வேண்டாவெனில் விட்டிருக்கலாம். விடியலில் நம் தெருவிற் பெருக்குபவள் பசியினால் பெருக்குகின்றாள். விட்டால் அன்று மாலை அடுப்பெரியாது. தன் உழைப்பைத் தான் அளித்தல் தொண்டு. பிறனுழைப்பைத் தொண்டென்று பெயரிட்டு நாம் வாங்கிக்கொள்ளுதல் தொண்டாகாது. அதற்கு வேறு பெயர் உண்டு. மேலும், திருக்கோயிற்பணி செய்தாரெல்லாம் கூலியின்றிச் செய்தனர் என்பதும் பிழை. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் பார்ப்போர், திருவலகிடுவார்க்கும் திருமெழுக்கிடுவார்க்கும் நாளொன்றுக்கு இத்துணை நெல் என நிவந்தம் வகுத்திருத்தலைக் காண்பர். தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கு ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் வகுத்துக் கல்லில் வெட்டுவித்தான். வண்ணார்க்கும் நாவிதர்க்கும் பங்கு உண்டு. கல்லில் வெட்டியதன் நோக்கம் யாது? பின்வருவோர் குறைத்தலாகாது என்பதே. சிவன் திருமுற்றத்தை அலகிட்டார்க்கே அளந்து கொடுத்த மரபினேம் நாம். நம் தெருவை அலகிடுவார்க்கு அளவின்றிப் புகழ் மட்டும் கொடுக்கின்றேம். ‘துப்புரவு’ என்பதை மாற்றித் ‘தூய்மைப் பணியாளர்’ என்று பெயரிட்டோம். நல்ல பெயர், அதனை உலையிலிட முடியாது.

இத்தொழில் பெரும்பாலும் அருந்ததியர் முதலிய சில குலத்தார் தலையிலேயே பிறப்பின் காரணமாகச் சுமத்தப்பட்டு வருதலையும் ஈண்டு மறைத்தல் ஆகாது. திருநாளைப்போவார் புராணத்தைக் கண்ணீர் மல்கப் பாராயணஞ் செய்கின்றேம். குப்பை வண்டி வாயிலில் வந்து நின்றாற் கை நீட்டாது, வாளியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே செல்கின்றேம். யானும் அங்ஙனம் செய்தவனே.

அவரவர் வினைப்பயனை அவரவர் நுகர்கின்றனர். இடையே நாம் புகுவதென்னை என்பது இரண்டாம் தடை. இது சாத்திரம் கற்றார் வாயினின்று வருதலால் பெரிதும் தீங்கு பயப்பது. ஆதலிற் சிறிது விரித்து ஆராய்வாம். வினை சடம். அது தானே வந்து பயன்தராது, இறைவனே ஊட்டுவிப்பன். ஒருத்தி இன்று நுகர்வது அவளது பிராரத்தமாகுக. அவளுக்குரிய கூலியிற் குறைப்பவன் செயல் யாருடையது? அஃது அவன் இச்சையால் இன்று செய்வது. ஆதலின் அவனுக்கு ஆகாமியம். ஒரு நிகழ்ச்சியே நுகர்வாளுக்குப் பழவினையின் முடிவும், செய்வானுக்குப் புதுவினையின் தொடக்கமும் ஆகும். கத்தியாற் குத்தியவன், ‘குத்துண்டவனது ஊழையே யான் ஊட்டினேன்’ என்று மன்றிற் சொன்னால் விடுவரோ? அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் உயிர்கட்கு இதஞ்செய்தல் அறமென்றும் அகிதஞ்செய்தல் பாவமென்றும் வரையறுத்தார். அவ்விடத்து ‘முன்வினை நல்லார்க்கே இதஞ் செய்க’ என்று விலக்கு ஒன்றும் வைத்திலர். பிறர் சஞ்சிதத்தைக் காணும் கண் நமக்கில்லை. கிடைத்த கண்கொண்டு காணத்தக்கது அவள் கைக்கு வரும் தொகையும் நம் கைக்கு வந்த தூய்மையும். அவ்விரண்டற்கும் இடையே உள்ள குறை நம் ஆகாமியக் கணக்கில் ஏறுகின்றது. ஒப்பந்தக்காரர் கணக்கில் மட்டும் என்று நம்மைத் தேற்றிக்கொள்ளுதல் எளிது. தெரு நம்முடையது, குப்பை நம்முடையது, வரியைக் குறைத்துக்கொள்ள விரும்பும் நெஞ்சும் நம்முடையதே.

‘அவள் ஒப்புக்கொண்டுதானே வந்தாள், வேண்டாதார் விலகலாமே’ என்பது மூன்றாவது. இது சைவர் தடையன்று, வணிகர் தடை. எனினும் சைவரும் சொல்லக் கேட்டிருக்கின்றேன். தில்லியில் ஆசிய விளையாட்டுக்காகக் கட்டடம் எழுப்பிய தொழிலாளர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டு இதற்கு விடை கூறிவிட்டது. சட்டம் வரையறுத்த குறைந்த கூலியினும் குறைத்துக் கொடுத்து வாங்கும் உழைப்பு, அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு விலக்கிய கட்டாய உழைப்பே என்பது அத்தீர்ப்பு. விலங்கு பூட்டினால் மட்டுமன்று, பசி பிடித்து உந்தினாலும் கட்டாயமே என்று கண்டது அம்மன்று. நிலையான பணியாளர் செய்யும் அதே வேலையைத் தற்காலிகமாகச் செய்வார்க்கும் ஒத்த ஊதியம் உரித்து என 2016ஆம் ஆண்டு அம்மன்றமே மற்றொரு வழக்கில் மொழிந்தது. ஒரே தெரு, ஒரே துடைப்பம், இருவேறு கூலி என்பது அறிவுக்கும் ஒவ்வாதது.

கூலிபற்றி இவ்வளவு போதும். பொழுது என்பதொன்று உண்டு. அதனைச் சாத்திர நெறியில் நம்மவர் எண்ணிப் பார்த்ததாக யான் அறியேன். எட்டு மணி நேரமே ஒருநாள் வேலை, மேற்பட்டதற்கு இருமடங்கு கூலி என்பன சட்டத்தில் உள்ளன. அவற்றிற்குக் காரணம் உடல்நலம் என்பர். நம் நூல்கள் அதனினும் ஆழமான காரணம் ஒன்று தருகின்றன. இறைவன் உயிர்கட்குத் தனு கரண புவன போகங்களைக் கொடுத்தது எதன்பொருட்டு? மலநீக்கத்தின்பொருட்டு. உடம்பு, ஆணவத்துட் கிடந்த உயிர் சிறிதே விளங்குதற்கு ஏற்றிய கைவிளக்குப் போன்றது. அவ்விளக்கு அவ்வுயிர்க்கு என்று கொடுக்கப்பட்டது. விடியுமுன் நான்கு மணி முதல் இரவுவரை அதனை வாங்கித் தன் இல்லத்தில் எரித்துக்கொண்டு, எண்ணெய் முழுதும் வற்றியபின் திருப்பிக் கொடுப்பவன், கொடுத்தவனது நோக்கத்தைக் கெடுக்கின்றான். ஒருத்தியின் நாள் முழுதையும் கொள்ளுதல் அவள் உழைப்பை மட்டும் கொள்ளுதலன்று. அவள் ஐந்தெழுத்தை எண்ணும் பொழுதையும், தன் மகவைத் தலைவாரும் பொழுதையும், வெறுமே திண்ணையில் அமர்ந்து தன்னை நினைக்கும் பொழுதையும் கொள்ளுதலாகும். அப்பொழுதுகளில் எதனிடத்து அருள் பதியும் என்று யார் அறிவார்?

இஃது ஏட்டுச்சுரைக்காயன்று. அவ்வம்மையே இதனை எனக்கு உணர்த்தினாள். திரும்புங்கால் அவள் சொன்னது: “இந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை கேட்டது இன்றைக்குத்தான் ஐயா. இங்கே நிற்கச் சொன்னார்கள், அதனால் கேட்டேன்.” சித்திரைத் திங்களில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழாவிற்குப் பல்லாயிரவர் வருகின்றனர், தீச்சட்டி இரவெல்லாம் செல்கின்றது. அம்மனை அத்திருவிழாவில் ஒருமுறையேனும் நின்று கும்பிட்டாயோ என்று கேட்டேன். கூட்டம் கலைந்தபின்தான் தங்கள் வேலை தொடங்கும் என்றாள்.

அவளைச் சந்தித்ததற்குச் சின்னாள் முன்னர்ச் சென்னையில் நிகழ்ந்ததொன்றைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி, மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் என்னும் 5, 6ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர், பெரும்பாலார் பெண்டிர், ரிப்பன் மாளிகையின் முன்னர் இரவும் பகலும் அமர்ந்தனர். அம்மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதே காரணம். திங்களுக்கு ஏறத்தாழ 23,000 ரூபாய் பெற்றுவந்த தமக்கு இனி ஏறத்தாழ 17,000 ரூபாயே வரும் என்பது அவர்தம் முறையீடு. பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில், உயர்நீதிமன்ற ஆணையின்மேல், காவலர் அவர்களை அப்புறப்படுத்தினர். மறுநாள் அமைச்சரவை கூடி, அவர்கட்கு இலவசக் காலையுணவு முதலிய நலத்திட்டங்களை அறிவித்தது.

பசித்தார்க்கு உணவளித்தலை யான் இகழேன். மாகேசுர பூசையை வாழ்வாகக் கொண்ட கூட்டத்தார்க்கு அதனை இகழும் வாயில்லை. ஆயின் அவர்கள் கேட்டது கூலி, கிடைத்தது கொடை. கூலி கேட்டார்க்குக் கொடை அளிக்குமிடத்து ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்கின்றது. கூலி கொடுப்பவன் கடன் தீர்ப்பவன். அவன் கை வாங்குவோன் கைக்குமேல் உயராது. கொடை கொடுப்பவன் கை மேலே; வாங்குவோன் கை கீழே. கடனைத் தீர்க்காமலே ஈகைப் புகழையும் பெற்றுக்கொள்ள இதனால் வழியுண்டாகின்றது. வந்தி கொடுத்ததும் உணவே. ஆயினும் அதனை அன்னதானம் என்று எவரும் சொல்லார். பெருமானும் ஏற்றது கூலியாக. ஈகையாக ஏற்றிருப்பின் அவன் வந்தியின் பங்குக் கரையை அடைக்கக் கடமைப்பட்டிரான்.

அவ்வாறாம் மண்டலத்தின் பெயரை நோக்குக. திரு.வி. கலியாணசுந்தரனார் (1883–1953) பெரியபுராணத்திற்குக் குறிப்புரை வரைந்த சைவர். நாயன்மார் வரலாறு எழுதியவர். 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய ஞான்று வாடியாவோடு உடனின்றவரும் அவரே. பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளரின் அந்நாளை முறையீடுகளுள் ஒன்று நண்பகலுணவுக்கு விட்ட இடைவேளை மிகக் குறுகியது என்பது. சோறு கேட்டிலர், தம் சோற்றை அமர்ந்து உண்ணப் பொழுது கேட்டனர். அவர்க்காகத் தெருவில் நின்ற அப்பெரியாரை அக்காலத்துச் சைவர் சிலர், ‘திருமுறையை விட்டுத் தொழிற்சங்கம் புகுந்தார்’ என்று குறைகூறினராம் எனச் சொல்லக் கேட்டிருக்கின்றேன். விட்டுப் புகுந்தவரல்லர், திருமுறையை எடுத்துக்கொண்டே புகுந்தார் என்பது என் கருத்து.

அரசையும் ஒப்பந்தக்காரரையும் நோக்கி இத்தாளில் எழுதுதல் வீண். அவர்கள் இதனைப் படியார். படிப்போர் மடத்துப் பெருமக்களும் சபையாரும் புலவரும். நம் திருமடங்களிலும் கோயில்களிலும் பெருக்குவோர் உளர். அவர்க்கு எத்தனை மணி வேலை, திங்களின் எந்நாளிற் கூலி, அத்தொகை மாவட்டத்தில் வரையறுத்த தொகைக்குக் குறைந்ததோ, குருபூசை முடிந்து இரவு இலை எடுப்பார்க்குத் தனிக்கூலி உண்டோ என்பவற்றைக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தல் ஒரு பிற்பகல் வேலை. ‘பிரசாதம் கொடுக்கின்றோம்’ என்பது விடையாகாது.

எங்கள் ஊர்ச் சபையில் சித்திரைச் சதயத்தன்று அப்பரடிகள் குருபூசை நிகழ்ந்தது. உழவாரம் ஏந்திய திருவுருவத்திற்கு மாலை சூட்டினோம். இருநூற்றுவர் உண்டனர். இலையெடுத்துத் தெருவையும் அலகிட்ட நால்வர்க்கு, ஆட்சியர் வரையறுத்த தொகையை மணிக்கணக்கிட்டு, இரவு வேலையாதலின் இருமடங்காக, அவர்கள் கை கழுவிய உடனே கொடுக்க வேண்டுமென்று முன்னரே பேசி வைத்திருந்தேன். சபையார் சிறிது முணுமுணுத்தாலும் கொடுத்தனர். மறுநாட் காலை வரவுசெலவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எழுதிய அன்பர் அத்தொகையை ‘இனாம்’ என்ற தலைப்பின்கீழ்ப் பதிந்திருந்தார். நல்லவர், கெட்ட எண்ணத்தால் எழுதியவரல்லர், பழக்கத்தால் எழுதினார். யான் எழுதுகோலை வாங்கி அச்சொல்லை அடித்துவிட்டுக் ‘கூலி’ என்று எழுதி, பக்கத்தில் என் பெயரெழுத்தை இட்டேன்.